ரெடிமேட் திட்ட அறிக்கை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது, ஊர் நாமக்கல் பக்கம். வேலையை விட்டுவிட்டு மரச்செக்கு கடலை எண்ணெய்த் தொழில் தொடங்கப் போகிறேன். கையில் 2 லட்சம் இருக்கிறது, 5 லட்சம் கடன் கேட்டிருக்கிறேன். செக்கு, ஷெட், அட்வான்ஸுக்கு 6.5 லட்சம் போக, மீதியில் நிலக்கடலைப் பருப்பு வாங்குவேன். வங்கியில் திட்ட அறிக்கை கேட்கிறார்கள். 6,000 ரூபாய்க்கு ரெடிமேடாகக் கிடைக்கிறதாம். வாங்கலாமா?

பதில்: வாங்கினால் முதல் வருடம் முழுத் திறனில் 70 சதவீத உற்பத்தி, அடுத்து 80, அப்புறம் 90 என்று அழகாக அச்சடித்துத் தருவார்கள். ஊறுகாய்க்கும் அதே எண்கள், உங்கள் எண்ணெய்க்கும் அதே எண்கள். மேனேஜர் அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர். அந்தக் காசுக்கு 50 கிலோ நிலக்கடலைப் பருப்பு வாங்கலாம்.

முதலில் ஒரு லிட்டர் கணக்கை நீங்களே போடுங்கள். லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். கிலோ 120 என்று வைத்தால் 300 ரூபாய். பாட்டில், லேபிள், கரண்ட்டுக்கு 25. புண்ணாக்கு விற்று 56 ரூபாய் திரும்பும். ஆக அடக்கம் 269. வீடுகளுக்கு நேரடியாக 320க்கு விற்றால் நிற்பது 51 ரூபாய். (விலையெல்லாம் உதாரணத்துக்கு, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

மாதச் செலவு: வாடகை 6,000, ஆள் சம்பளம் 15,000, 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை சுமார் 10,900. உங்கள் வீட்டுச் செலவு எங்கே? எல்லோரும் விடுவது இதைத்தான். 18,000 சேர்த்தால் மொத்தம் 49,900. அதை 51 ஆல் வகுத்தால் மாதம் 980 லிட்டர், அதாவது 25 வேலை நாளில் தினம் 39 லிட்டர். இதற்குக் கீழே போனால் நஷ்டம்.

கடைகளுக்குப் போட்டு 290தான் கிடைக்கிறது என்றால் நிற்பது 21 ரூபாய். அப்போது தினம் 95 லிட்டர் விற்றாக வேண்டும். 12 கிலோ பருப்பை ஆட்ட முக்கால் மணி நேரம் ஆகிற ஒற்றைச் செக்கில் அது பதினைந்து மணி நேர வேலை. நடக்காது. ஆகவே யாருக்கு விற்பீர்கள் என்பதுதான் உங்கள் அறிக்கையின் உயிர்.

அடுத்த ஓட்டை, பருப்புக்கு மிச்சம் வைத்திருக்கும் 50,000. நாலு நாளில் தீர்ந்துவிடும். ஒரு மாத ஓட்டத்துக்கே ஏறக்குறைய 3 லட்சம் சரக்கு வேண்டும். கடைகளுக்குக் கடனுக்குப் போட்டால் இன்னும் கூடும். இப்படிச் சரக்குக்கும் அன்றாட ஓட்டத்துக்கும் வேண்டிய பணத்தை (நடைமுறை மூலதனம்) அறிக்கையில் தனியாகக் காட்டி, அதற்கும் சேர்த்தே கடன் கேளுங்கள். தவணை கூடும், கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

மானியம்? குறு உணவுத் தொழில்களுக்கான பிஎம்எஃப்எம்இ என்ற மத்திய அரசுத் திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம் என்று இருக்கிறது. இப்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஆனால் அது கைக்கு வரும் காசு அல்ல. மூன்று வருடம் தொழிலும் கடன் கணக்கும் ஒழுங்காக ஓடினால் கடனில் கழிப்பார்கள். வரவில் சேர்க்காதீர்கள்.

வேலையை விடுவதற்கு முன் 100 கிலோ பருப்பு வாங்கி, பக்கத்துச் செக்கில் கூலிக்கு ஆட்டுங்கள். 40 லிட்டர் வரும். தெரிந்தவர்களை விட்டுவிட்டு, தெரியாத வீடுகளுக்கு முழு விலைக்கு விற்றுப் பாருங்கள். எத்தனை வீடு இரண்டாவது முறை கேட்டது என்று நோட்டில் எழுதி, அறிக்கையின் முதல் பக்கத்தில் அதைப் போடுங்கள். செக்குக்காரருக்கு அட்வான்ஸ் அதற்கப்புறம் கொடுத்தால் போதும்.