பட்டினமா, பட்டணமா?

கேள்வி: சென்னைத் துறைமுகம் கட்டியதால்தான் மெரினா உண்டானது என்கிறார்களே, நிஜமா? கடலே இல்லாத நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அதில் ஏதாவது சம்பந்தம் உண்டா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: முதலில் உங்கள் ஊர். பட்டினம் என்றால் கடற்கரை ஊர். பட்டணம் என்றால் வெறும் நகரம். உங்கள் ஊரில் கடலும் இல்லை, காவேரியும் இல்லை. ஓடுவது தென்பெண்ணை. காவேரியைப் பார்க்க ஒகேனக்கல்லுக்கு பஸ் ஏற வேண்டும். கடலை வாசலிலேயே வைத்திருக்கும் சென்னையை நம் பாட்டிமார் 'பட்டணம்' என்றுதான் சொன்னார்கள். இந்த ஒரு எழுத்துக்காக எங்கள் மெய்ப்புத் திருத்துநரும் நானும் ஒன்பது வருஷமாக நேரில் பேசுவதில்லை. சிவப்பு மையில்தான் சண்டை. இந்தப் பதிலிலும் அவர் கை வைத்திருந்தால் நான் பொறுப்பல்ல.

மெரினா விஷயம் நிஜம்தான். வருஷத்தில் பாதிக்கு மேல் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகும். மாந்தோப்பு வாய்க்காலில் ஓரத்திலிருந்து பாதிவரை கல்லை அடுக்கிப் பாருங்கள். மேல்பக்கம் வண்டல் மேடு தட்டும், கீழ்ப்பக்கம் கரை அரிக்கும். 1870-களில் வெள்ளைக்காரன் கடலுக்குள் போட ஆரம்பித்ததும் அப்படி ஒரு கல்வரிசைதான். 1881 புயல் அதைப் புரட்டிப் போட்டது, மறுபடி கட்டினான். கிழக்கே வைத்த துறைமுக வாசலை மணல் தூர்த்தது, வடகிழக்குக்கு மாற்றினான். மணல் மட்டும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தெற்கே குவிந்தது மெரினா. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. இன்று அங்கே நெடுகப் பாறாங்கல் கொட்டிக் கிடக்கிறது. மெரினாவில் சுண்டல் தின்கிறவர் காலடியில் இருப்பது வடசென்னைக்குப் போயிருக்க வேண்டிய மணல்.

நீதிமன்றம் தலையிட்டு 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. போன இடம் எண்ணூர். அதுவும் வடக்குதான்! 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியால் மொண்டதும் அந்தப் பக்கத்துக் கரையில்தான்.

நமக்குச் சம்பந்தமா? தென்பெண்ணை கடலூரில் கடல் சேர்கிறது. அது சுமந்துபோக வேண்டிய மணலை கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி. (நம் கிருஷ்ணகிரி அணை), சாத்தனூர் என்று வரிசையாக அணை கட்டி நிறுத்தியிருக்கிறோம். தப்பியதை லாரியில் அள்ளிவிட்டு, கடற்கரை அரிக்கிறது என்று பேப்பரில் படித்து உச்சுக் கொட்டுகிறோம். துறைமுகத்துக்கு நாம் அனுப்புவதெல்லாம் கிரானைட்டும் பெங்களூரா மாம்பழக்கூழும்தான். என் மைத்துனர் ஒருமுறை கிரானைட் ஏற்றிப் போய், திருவொற்றியூர் பக்கம் லாரி வரிசையில் இரண்டு நாள் நின்றார். "கிரேன் தெரியுது மாமா, கடல்தான் தெரியல" என்றார் போனில். அவரும் உங்கள் ஊர்தான். ஆனால் லாரிக் கதவில் 'பட்டணம்' என்று சரியாக எழுதியிருக்கிறார்.