ஒரு பல்லில் மட்டும் ஈறு இறங்கினால் வயதா காரணம்?

கேள்வி: எனக்கு வயது 43. உசிலம்பட்டியில் இருக்கிறேன். கீழ் முன்பல் ஒன்றில் மட்டும் ஈறு இறங்கி, பல் நீண்டுவிட்டது போலத் தெரிகிறது. விளக்குத்தூண் பக்கம் போனால் ஒரு வாய் ஜிகர்தண்டா குடிக்க முடியவில்லை, அவ்வளவு கூச்சம். இரண்டு பல் டாக்டர்களைப் பார்த்தேன். ஒருவர் "வயசானா அப்படித்தான்" என்றார். இன்னொருவர் பேஸ்ட் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இதற்கு வைத்தியமே இல்லையா, டாக்டர்களுக்கு இதில் அக்கறை இல்லையா?

பதில்: வைத்தியம் இருக்கிறது அம்மா. வயதுதான் காரணம் என்றால், பக்கத்துப் பல்லுக்கும் அதே வயதுதானே?

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மனம்விட்டே பதில் சொல்கிறேன். பி.டி.எஸ். படிப்பில் ஈறு நோய் ஒரு முழுப் பாடம். ஈறு ஏன் இறங்குகிறது என்பது எல்லாப் பல் மருத்துவரும் படித்ததுதான். ஆனால் இறங்கிய ஈறை மூடும் அறுவை சிகிச்சையைக் கை பழகச் செய்வது, அதற்கு மேல் மூன்று வருடம் எம்.டி.எஸ்.ஸில் ஈறு நோய்ப் பிரிவை எடுத்தவர்கள். அப்புறம், கிளினிக்குக்கு வருபவர்களில் பலர் பல்வலியோடு வருகிறார்கள். கன்னம் வீங்கி வந்தவரைப் பார்க்கும் அவசரத்தில், வலிக்காத ஈறு பின்னால் போய்விடுகிறது. அது சரியென்று நான் சொல்லமாட்டேன். சொத்தையே இல்லாத பல் ஆடி விழுவது பெரும்பாலும் ஈறு நோயால்தான்.

அடுத்த முறை போகும்போது "அளந்து பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக விட்டு, பல்லைச் சுற்றி ஆறு இடங்களில் அளப்பார்கள். 3 மி.மீ. வரை கவலையில்லை. 5, 6 என்று உள்ளே போனால், அடியில் எலும்பு கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஈறு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் அதே கம்பியால் அளந்து எழுதி வைக்க வேண்டும். இன்று 2, ஆறு மாதம் கழித்தும் 2 என்றால் நின்றிருக்கிறது. 3 ஆகிவிட்டால் இனி காத்திருக்கக் கூடாது. எழுதி வைக்காமல் "பார்த்துக்கலாம்" என்றால் எதை வைத்துப் பார்ப்பது?

ஈறு இறங்கி வருபவர்களை நான் பிரஷ்ஷையும் எடுத்துவரச் சொல்வேன். நார்கள் இரண்டு பக்கமும் விரிந்து படுத்திருந்தால் பாதிக் காரணம் கையிலேயே கிடைத்துவிடும். அழுத்தித் தேய்த்தவர்களுக்கு ஈறு ஓரத்தில் பல்லில் ஆப்பு வெட்டியது போலக் குழி இருக்கும். கரித்தூள், உப்பு போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள், சாஃப்ட் பிரஷ்ஷுக்கு மாறுங்கள். கீழ் முன்பல் வரிசையைவிட்டு முன்னே தள்ளி முளைத்திருந்தாலும், உதட்டின் உள்சவ்வு ஈறை இழுத்தாலும் இப்படி ஒரு பல்லில் மட்டும் இறங்கலாம். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

க்ளீனிங் செய்தால் பல்லில் இடைவெளி விழும் என்று பயப்படாதீர்கள். பல்லில் படிந்து கெட்டியான காரை அடைத்து வைத்திருந்த இடம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

இறங்கிய ஈறு தானாக ஏறாது. பேஸ்ட் கூச்சத்தைக் குறைக்கும், ஈறை ஏற்றாது. தேவைப்பட்டால் மேலண்ணத்திலிருந்து சிறு திசு எடுத்து அங்கே வைத்துத் தைப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்வது. அண்ணத்துப் புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். அதுவரை காரமும் சூடும் வேண்டாம். இரண்டு பக்கமும் பல்லிடுக்கு ஈறும் எலும்பும் குறையாமல் இருந்தால், வெளியே தெரியும் வேர் முழுவதும் மூட நல்ல வாய்ப்பு உண்டு. குறைந்திருந்தால் ஓரளவுதான் மூடும். இதை முன்கூட்டியே சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மதுரையில் கீழவெளி வீதி சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய் "ஈறு டாக்டரைப் பார்க்கணும்" என்று கேளுங்கள். பல் ஆடினாலோ, ஈறை அழுத்தும்போது சீழ் வந்தாலோ இந்த வாரமே போய்விடுங்கள்.