முதலில் குளியலறைக் கதவு

அன்புள்ள ஐயா,

மரத்திலிருந்து விழுந்ததில் என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மறுவாழ்வுப் பயிற்சி முடிந்து போன மாதம் வீட்டுக்கு வந்தான். அங்கே கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அதிலிருந்து டாய்லெட்டுக்குத் தானே மாறினான். இங்கே அம்மாவும் நானும்தான் தூக்கி உட்கார வைக்கிறோம். சொந்த வீடு, வாசலில் மூன்று படி. கையில் இருக்கிற பணத்துக்குச் சாய்தளம் போடுவதா, குளியலறையை மாற்றுவதா? "நாமெல்லாம் இருக்கும்போது வீட்டை எதுக்கு இடிக்கணும்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் குளியலறை. வாசல்படியை நாளுக்கு ஒருமுறை யாராவது பிடித்துக் கடத்திவிடலாம். டாய்லெட்டுக்குப் போக ஒவ்வொரு முறையும் அம்மாவைக் கூப்பிட வேண்டியவர், கூச்சத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். பயிற்சியில் முடிந்தது வீட்டில் முடியவில்லை என்றால், குறை உங்கள் தம்பியிடம் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது.

குளியலறைக்குப் பெரும்பாலும் இரண்டரை அடி நிலைதான் வைக்கிறார்கள். சட்டமும் கதவின் கனமும் போக மிஞ்சுவது சுமார் 26 அங்குலம். நாற்காலியின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவு. சக்கரத்தைத் தள்ளும் விரல்கள் சட்டத்தில் உரசித் தோல் உரியும். திறப்பு 32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, முடிந்தால் 36. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், உள்ளே அவர் விழும்போது உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாள் மூன்றடி உயரத்தில், அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கும்படி இருக்கட்டும். கதவைத் தானே தாழிட்டுக்கொள்வது ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அது இல்லாதபோதுதான் தெரியும்.

தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கட்டும் இரண்டு அங்குலத் தடுப்பில் முன்சக்கரம் மாட்டி நாற்காலி கவிழும். அதை எடுத்துவிட்டு, தரைச் சரிவை எதிர் மூலைக்குத் திருப்பச் சொல்லுங்கள்.

மெத்தையோடு நாற்காலி இருக்கையின் உயரத்தை அளந்து, டாய்லெட் இருக்கையும் அதே உயரத்தில் வரும்படி பாருங்கள். தாழ்வாக இருந்தால் இறங்குவது சுலபம், திரும்ப ஏறும்போதுதான் தோள் போகும். சுவரில் மாட்டும் வகை வாங்கினால் உயரம் நம் கையில். நாற்காலியை ஒட்டி நிறுத்த, பக்கத்தில் மூன்றடி காலியிடம் வேண்டும்.

அதிகம் தவறு நடப்பது கைப்பிடிக் கம்பியில். டவல் கம்பியை மாட்டுவதுபோல பிளாஸ்டிக் பிளக் வைத்து டைல்ஸில் திருகிவிடுகிறார்கள். சில மாதம் பிடிக்கும். ஒருநாள் முழு எடையையும் போடும்போது டைல்ஸோடு கழன்று வரும். செங்கல் சுவரானால் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையில் பசை நிரப்பி இறுகவைக்கும் போல்ட், போடுங்கள். ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடமுள்ள சிமெண்ட் கல்) என்றால் சுவரின் மறுபக்கம் இரும்புத் தகடு கொடுத்து, போல்ட்டை ஊடுருவ விட்டு முடுக்க வேண்டும். கம்பியின் விட்டம் 35 மி.மீ., சுவரிலிருந்து இடைவெளி 40 மி.மீ. இடைவெளி கூடினால் முழங்கை உள்ளே நழுவிச் சிக்கிக்கொள்ளும்.

உணர்வில்லாத காலில் வெந்நீர் கொப்புளம் போட்டாலும் தெரியாது. கீசரின் சூட்டைக் குறைத்து வையுங்கள். தண்ணீரை முதலில் கையில் விட்டுப் பார்க்கட்டும். குளிக்க வெறும் பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், படுக்கைப்புண் அங்கிருந்தே தொடங்கும். மெத்தை வைத்த குளியல் நாற்காலி வாங்குங்கள்.

சாய்தளத்தைப் பிறகு போடலாம், ஆனால் சரியாகப் போடுங்கள். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படி மூன்று என்றால் பதினெட்டு அடி. இடமில்லை என்று ஆறடியில் முடித்தால் ஏறும்போது நாற்காலி பின்னால் மல்லாந்துவிடும். நேராக இடமில்லாவிட்டால் எல் வடிவில் மடக்கி, திருப்பத்திலும் கதவு முன்னும் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விடுங்கள். மேல்பூச்சை வழவழவென்று தேய்க்காமல் துடைப்பத்தால் கோடு இழுக்கச் சொல்லுங்கள்.

கொத்தனார் வருமுன் இந்த அளவுகளை நடுவீட்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்து, தம்பியை நாற்காலியோடு உள்ளே திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் மாறுவது அவருக்கு வசதி என்று அவரே சொல்லட்டும். கம்பியும் காலியிடமும் அந்தப் பக்கம் வரட்டும்.