மன்ஹாட்டனில் போக்கர் மேசை திறக்காதது ஏன்?

பணம் வைத்து இணையத்தில் ஆடும் சீட்டாட்டமான போக்கர், உங்களுக்கு மதியம் மன்ஹாட்டனில் திறப்பதில்லை, வீட்டிலும் சில இரவுகள் தடுக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கில் குறை ஒன்றும் இல்லை; நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம்தான் சிக்கல். வீடு நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டியில் இருந்தாலும், மதிய இடைவேளையில் நியூயார்க் மாநிலத்து மன்ஹாட்டனிலிருந்து நுழைந்தால் ஆட முடியாது. நியூ ஜெர்சியில் 2013 முதல் இணையப் போக்கருக்கு உரிமம் உண்டு. நியூயார்க் இன்னும் அனுமதிக்கவில்லை. ஓட்டுநர் உரிமத்தில் எந்த முகவரி இருக்கிறது என்பது இங்கே எடுபடாது. ஆடும் நொடியில் கால் எந்த மாநிலத்து மண்ணில் இருக்கிறது என்பதே கணக்கு.

வீட்டிலும் சில இரவுகள் தடுக்கிறது என்கிறீர்களே, அதற்குப் பெரும்பாலும் அலுவலக மடிக்கணினியில் ஓடும் விபிஎன் (இணைப்பை வேறொரு இடம் வழியாகத் திருப்பி, உண்மையான இருப்பிடத்தை மறைக்கும் மென்பொருள்) காரணமாக இருக்கும். அது இருந்தாலே இடம் அறியும் மென்பொருள் கதவைச் சாத்திவிடும். இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடும் ஹட்சன் ஆற்றின் கரையில் குடியிருப்பு என்றால் எல்லைக்கு அருகே என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

இன்றிரவு இப்படிச் செய்து பாருங்கள்:

1. சொந்தக் கணினியில், விபிஎன்னும் தொலைநிலைத் திரைப் பகிர்வும் இல்லாமல் நுழையுங்கள்.
2. கம்பி இணைப்பு இருந்தாலும் வைஃபையை இயக்கி வையுங்கள். சுற்றியுள்ள வைஃபை அலைகளை வைத்தும் இடத்தைக் கணிக்கிறார்கள்.

விபிஎன் வைத்து நியூ ஜெர்சியில் இருப்பதாகக் காட்டும் யோசனை மட்டும் வேண்டாம். பிடிபட்டால் கணக்கு முடங்கும், வென்ற பணமும் போகலாம். நியூயார்க்கிலேயே உங்களைச் சேர்த்துக்கொள்ளும் வெளிநாட்டுத் தளங்கள் எந்த மாநிலத்தின் மேற்பார்வையிலும் இல்லை. பணம் சிக்கினால் முறையிட ஆளே கிடையாது.