168 செ.மீ. உயரம், 74 கிலோ எடை. தண்டையார்பேட்டை லேப் ரிப்போர்ட்டில் ‘ஓவர்வெயிட்’ (அதிக எடை), ராயபுரம் லேப் ரிப்போர்ட்டில் ‘ஒபீஸ்’ (உடல் பருமன்). எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் சரிதான். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவதுதான் பி.எம்.ஐ. (உடல் நிறை எண்). 74-ஐ 1.68 × 1.68-ஆல் வகுத்தால் உங்கள் பி.எம்.ஐ. 26.2. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவில் 25-க்கு மேல் அதிக எடை, 30-இல்தான் உடல் பருமன். இந்தியர்களுக்காக 2009-இல் நம் மருத்துவர்கள் வகுத்த அளவில் 23-இலேயே அதிக எடை, 25-இல் உடல் பருமன். தண்டையார்பேட்டை லேப் ஒரு எல்லைக்கோடு வைத்துப் பார்த்தது, ராயபுரம் லேப் இன்னொரு எல்லைக்கோடு. நடுவில் உங்கள் உடம்பு மாறவில்லை.

நமக்கு ஏன் கோடு கீழே? 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே எண், இரண்டு வேறு உடம்பு. இந்தக் கணக்கை 19-ஆம் நூற்றாண்டில் போட்ட கெட்லே வைத்தியரே இல்லை, கணித அறிஞர். மக்கள் கூட்டத்தின் சராசரியைப் பார்க்கத்தான் போட்டார்.

காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிற ஒருவர் 170 செ.மீ., 80 கிலோ என்று வையுங்கள். பி.எம்.ஐ. 27.7, ஆகவே ‘ஒபீஸ்’. ஆனால் இடுப்புச் சுற்றளவு 84 செ.மீ.தான், தோளும் தொடையும் தசை. எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக் கல்லாவில் நாள் முழுக்க உட்காருகிறவர் 168 செ.மீ., 60 கிலோ. பி.எம்.ஐ. 21.3, ‘நார்மல்’. இடுப்போ 94. ஈரலையும் குடலையும் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்க வாய்ப்பு இவருக்குத்தான் அதிகம். நான் அதிகம் கவலைப்படுவதும் இவரைப் பற்றித்தான். ‘நார்மல்’ என்ற ஒரு சொல்லை நம்பிப் பல வருஷம் சர்க்கரையே பார்க்காமல் இருந்துவிடுவார்.

அதனால் டெய்லர் வைத்திருக்கிற டேப் ஒன்று வாங்குங்கள். பேண்ட் சைஸ் உதவாது, தொப்பைக்குக் கீழேதானே கட்டுகிறோம். காலையில் சாப்பிடுவதற்கு முன், சட்டை இல்லாமல் நில்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பையும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். பெரும்பாலும் தப்பாவது முதுகுப் பக்கம். டேப் அங்கே சரிந்து இறங்கிவிடும், கண்ணாடியில் பாருங்கள். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை வெளியே விட்டதும் அளவைப் படியுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. அல்லது உயரத்தில் பாதி; உங்களுக்கு அது 84.

உயரத்தையும் செருப்பில்லாமல் ஒருமுறை அளந்துவிடுங்கள். 168 என்று நினைத்திருப்பது 165 ஆக இருந்தால் பி.எம்.ஐ. 27.2 ஆகிவிடும். ஜிம்மில் ஏறி நிற்கிற கொழுப்பு மெஷின் உடம்பின் நீரை வைத்துக் கணக்குப் போடுவது. வியர்த்து வந்து ஏறினால் எண் மாறும். கர்ப்பிணிகளுக்கும், நீர் கோத்துக் கால் வீங்கியவர்களுக்கும் இந்த அளவுகள் எதுவும் பொருந்தாது. குழந்தைகளுக்கு வயதுவாரி அட்டவணை தனி.

2025 ஜனவரியில் ஒரு சர்வதேச நிபுணர் குழு வரையறையையே மாற்றச் சொன்னது. பி.எம்.ஐ. மட்டும் போதாது, இடுப்பளவு போன்ற இன்னொரு அளவோ நேரடிக் கொழுப்பு அளவோ சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன்பின் கேட்க வேண்டிய கேள்வி: அந்தக் கொழுப்பு உறுப்புகளைக் கெடுத்திருக்கிறதா? மூச்சு வாங்குதல், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல், முட்டி வலி, ரத்த அழுத்தம், அன்றாட வேலையே முடியாமல் போவது என ஏதாவது ஒன்று இதனால் வந்திருந்தால் அது நோய். இல்லையென்றால் நோய்க்கு முந்தைய நிலை. கவனித்து வர வேண்டியது. எனக்கு இந்தப் பிரிப்பு மிகவும் பிடித்திருக்கிறது. ஆளைப் பார்த்து ‘குண்டு’ என்று முத்திரை குத்துவதற்கு இதில் இடமில்லை.

உங்கள் இடுப்பு 84-ஐத் தாண்டினால் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்.பி.ஏ.1சி. (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரை), ரத்தக் கொழுப்பு, ஈரல் பரிசோதனை பாருங்கள். பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125, அல்லது ஹெச்.பி.ஏ.1சி. 5.7 முதல் 6.4 சதவீதம், இல்லை அதற்கும் மேல் வந்தால், எடை எந்தக் கட்டத்தில் இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மூன்று மாதம் கழித்து அதே டேப்பில், அதே இடத்தில் அளந்து பாருங்கள்.