மந்தைக்குப் பின்னால் திரும்பும்போது ஹாரன் அடிப்பது ஏன்?

ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் ஆர்22 ஹெலிகாப்டரில் மாடு ஓட்டும்போது, மதியத்தில் மந்தைக்குப் பின்னால் சட்டென்று திரும்பினால் ஹெலிகாப்டர் அமுங்குகிறது, ரோட்டார் சுற்று குறைவதை எச்சரிக்கும் ஹாரனும் அடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சினை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்குப் பெரும்பாலும் காற்றுதான் காரணம்.

காற்று முதுகில் இருக்கும்போது மாட்டையும் தரையையும் பார்த்தே வேகத்தைக் கணிக்கிறோம். தரைவேகம் போதுமானதாகத் தெரியும். ரோட்டாருக்குக் கிடைக்கும் காற்றுவேகமோ மிகக் குறைவு. தூக்குவிசை விழும், கை தானாகக் கலெக்டிவை (பிளேடுகளின் கோணத்தைக் கூட்டித் தூக்கும் நெம்புகோலை) இழுக்கும். வெயிலில் எஞ்சினின் வலுவும் குறைந்திருக்கும். த்ராட்டில் முழுதும் திறந்தபின், சுற்றைத் தானாகச் சீராக வைக்கும் கவர்னரால் ஒன்றும் செய்ய முடியாது. ரோட்டார் சுற்று 97 சதவீதத்துக்கு இறங்கினால் ஹாரன். ஆர்22-இன் இரண்டு பிளேடுகளும் இலேசானவை; அதன்பின் நொடிகளில் கைமீறிவிடும்.

ஹாரன் கேட்டதும் த்ராட்டிலைத் திறந்துகொண்டே கலெக்டிவை இறக்குங்கள். 50 அடியில் இதற்கு மனமே வராது. ஆனாலும் மேலும் இழுப்பதுதான் ஆளைக் கொல்லும். திருப்பத்தைக் காற்றுக்கு எதிராக அமையுங்கள்; ஒரு மாடு பிரிந்து ஓடினால் ஓடட்டும்.

மேனிஃபோல்ட் அழுத்த வரம்பை (எஞ்சினிலிருந்து எடுக்கக்கூடிய வலுவின் வரம்பை) மீறிப் பறந்திருந்தால், எஞ்சினின் வலுவை ரோட்டாருக்குக் கொண்டுபோகும் வி-பெல்ட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பறக்கும்போது, அந்தப் பெல்ட்டுகளை இறுக்கும் கிளட்ச் மோட்டார் ஓடுவதைக் காட்டும் கிளட்ச் விளக்கு 10 நொடிக்கு மேல் எரிந்தாலோ மினுக்கினாலோ அதன் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டு இறங்கிவிடுங்கள். ரப்பர் கருகும் வாடையும் சேர்ந்தால் பட்டி வரை போகப் பார்க்காதீர்கள், அங்கேயே இறக்குங்கள்.