மழையில கடலூர் வரீங்களா, முதல்ல சாத்தனூர் அணை மட்டத்தைப் பாருங்க

திருவண்ணாமலைல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காங்க: நவம்பர் கடைசில குடும்பத்தோட கார்ல கடலூர் வரணும், திருக்கோவிலூர், பண்ருட்டின்னு கிராமத்து வழியா வரலாமா, நடுவுல மழை பிடிச்சா என்ன பண்றதுன்னு.

தாராளமா வாங்க, நல்ல வழிதான். ஆனா கடலூர்ல மழை பெய்யுதான்னு மட்டும் பாத்துட்டு கிளம்பிடாதீங்க. உங்க ஊர் தென்பெண்ணைக்கு வடக்க, கடலூர் தெற்க, அதனால எப்படி வந்தாலும் அந்த ஆத்தைத் தாண்டியே ஆகணும், திருக்கோவிலூர்ல தாண்டுவீங்க, இல்ல திண்டிவனம் புதுச்சேரின்னு சுத்தி வந்தா ஆல்பேட்டை பாலத்துல. ஆத்துல எவ்ளோ தண்ணி வரும்ங்கறது, அதே ஆத்துல மேல இருக்கற சாத்தனூர் அணை கைல இருக்கு. 2024ல ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்துச்சு, அப்பாடான்னு ஜனங்க உக்காந்தா, டிசம்பர் 2 விடியக்காலைல சாத்தனூர்ல வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி திறந்தாங்க, கடலூர் ஆத்தங்கரை குடியிருப்பெல்லாம் முங்கிப் போச்சு, அரசூர்கிட்ட சென்னை திருச்சி ஹைவேலயே வண்டி போக முடியல. அணையோட முழு மட்டம் 119 அடி. தண்ணி அதை நெருங்கி, மேல கிருஷ்ணகிரி பக்கமும் மழைன்னா ட்ரிப்பைத் தள்ளிப் போடுங்க, வெயில் அடிச்சாலும் சரி.

வண்டில முக்கியமா டயர் பட்டன் பாருங்க, 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ தேஞ்சிருந்தா தண்ணில வழுக்கும். கண்ணாடி உள்பக்கம் பனி பிடிச்சா ஏசி போட்டா போயிடும். ஓடிட்டிருக்கும்போது ஹசார்டு லைட் போடாதீங்க, நீங்க எந்தப் பக்கம் திரும்புறீங்கன்னு பின்னாடி வரவனுக்குத் தெரியாது.

தரைப்பாலத்து மேல தண்ணி ஓடுதா, முன்னாடி பஸ்ஸே போனாலும் நீங்க இறங்காதீங்க. கலங்கல் தண்ணிக்கு அடில ஓரக்கல்லும் தெரியாது, ரோடு அரிச்சிட்டுப் போயிருந்தா அதுவும் தெரியாது. தப்பித்தவறி தண்ணிக்குள்ள வண்டி நின்னுட்டா திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது, உள்ள போன தண்ணியை பிஸ்டனால அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், செலவு இன்ஜின் அளவுக்கு இழுக்கும். ஆளுங்களை இறக்கிட்டு வண்டியைத் தள்ளி மேட்ல ஏத்துங்க, தண்ணி வேகமா இருந்தா வண்டி போனா போகட்டும்.

பண்ருட்டி தாண்டி நெல்லிக்குப்பம் ரோட்ல கரும்பு வெட்டு ஆரம்பிச்சிருந்தா, பின்னாடி லைட்டே இல்லாத கரும்பு டிராக்டர் மழை இருட்டுல கிட்ட போறவரைக்கும் கண்ணுக்குத் தெரியாது, அதனால பொழுது சாயறதுக்குள்ள கடலூர் வந்து சேந்துடுங்க. சில்வர் பீச்சுல பசங்க கால் நனைக்கக் கேப்பாங்க, துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தியிருந்தா அதுவும் வேணாம்.